ஆக்ஸானின் நுனியிலேயே பிறக்கும் புரதம்

காலின் பெருவிரலில் ஒரு முள் குத்தினால் அதை உணரும் நரம்புச் செல்லின் உடல் விரலில் இல்லை. முதுகின் கீழ்ப்பகுதியில், தண்டுவடத்தை ஒட்டியிருக்கும் ஒரு சிறு முடிச்சுக்குள் இருக்கிறது. அங்கிருந்து விரல்வரை ஓடுவது ஒரே ஓர் இழை. அதுதான் ஆக்ஸான். வளர்ந்த மனிதரில் அதன் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். செல் உடலின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

இந்த இரண்டு அளவுகளையும் வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். செல் உடலை 50 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸானை 5 மைக்ரோமீட்டர் தடிமனும் 1 மீட்டர் நீளமும் கொண்ட உருளை என்று கொள்வோம். உருளையின் கொள்ளளவு உருண்டையைப்போல் சுமார் 300 மடங்கு வருகிறது. செல்லின் உடைமையில் பெரும்பகுதி ஆக்ஸானில்தான் கிடக்கிறது. ஆனால் மரபணுக்கள் இருக்கும் உட்கரு, மறுகோடியில் இருக்கும் அந்தச் சின்ன உருண்டைக்குள் இருக்கிறது.

புரதங்கள் நிலையானவை அல்ல. உழைத்துத் தேய்ந்து, சிதைக்கப்பட்டு, புதியவற்றால் மாற்றப்பட்டுக்கொண்டே இருப்பவை. நரம்புச் செல்லில் பல புரதங்களின் ஆயுள் நாள்கணக்கில்தான். அப்படியென்றால் விரல்நுனியில் இருக்கும் ஆக்ஸான் முனைக்குப் புதுப் புரதம் எங்கிருந்து வருகிறது?

நீண்ட காலமாகச் சொல்லப்பட்ட பதில், “எல்லாம் செல் உடலில் தயாராகி ஆக்ஸான் வழியாகப் பயணிக்கிறது” என்பது. அதற்கு நல்ல ஆதாரமும் இருந்தது. 1948இல் பால் வைஸும் ஹெலன் ஹிஸ்கோவும் நரம்பை ஓரிடத்தில் இறுக்கிப் பார்த்தார்கள். இறுக்கத்துக்கு மேல்பக்கம், அதாவது செல் உடல் இருக்கும் பக்கம், ஆக்ஸான்கள் புடைத்தன. இறுக்கத்தைத் தளர்த்தியதும் தேங்கிய பொருள் நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி நகர்ந்தது. இன்று இரண்டு வகைப் போக்குவரத்து நமக்குத் தெரியும். சவ்வுப் பைகளில் ஏறிச் செல்பவை நாளுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை விரைகின்றன. செல்லின் உட்சட்டகப் புரதங்களும் கரைந்திருக்கும் பல நொதிகளும் மெதுவான பாதையில், நாளுக்கு 0.2 முதல் 10 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கின்றன.

1 மீட்டரை நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் கடக்க 1000 நாள்கள் ஆகும். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஆண்டுகள். பாதி வழிக்கு முன்பே சிதைந்துபோகக்கூடிய ஒரு புரதத்துக்கு இந்தப் பயணம் கட்டுப்படியாகாது. அவசரத் தேவை என்றால் பேச்சே இல்லை. ஆக்ஸானின் நுனிக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரு புரதம் வேண்டுமென்றால் அதை அங்கேயே செய்தால்தான் உண்டு. ஆக்ஸான் அதைத்தான் செய்கிறது. இதற்கு உள்ளிடப் புரத உற்பத்தி என்று பெயர்.

புரதத்தை அனுப்பாமல் குறிப்பை அனுப்புவது

அடிப்படையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். உட்கருவில் உள்ள டிஎன்ஏவிலிருந்து ஒரு மரபணுவின் நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகல்தான் தூது ஆர்என்ஏ. ரைபோசோம் என்னும் நுண்ணிய இயந்திரம் இந்த நகலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படித்துக்கொண்டே போய், அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதமாக்குகிறது. ரைபோசோமின் குறுக்களவு 25 முதல் 30 நானோமீட்டர். அதற்குள் சுமார் 80 புரதங்களும் 4 ஆர்என்ஏக்களும் அடங்கியிருக்கின்றன. சிறியது ஒன்று, பெரியது ஒன்று என இரண்டு துணை அலகுகள் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும்.

பாலூட்டிச் செல்லில் ஒரு ரைபோசோம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 5 அமினோ அமிலங்களைக் கோக்கிறது. ஆக்டின் என்ற புரதத்தில் 375 அமினோ அமிலங்கள் உள்ளன. ஆக, ஓர் ஆக்டினைச் செய்ய சுமார் 75 விநாடிகள். ஒரே ஒரு தூது ஆர்என்ஏவை ஒரு நேரத்தில் ஒரு ரைபோசோம் மட்டும் இடைவிடாமல் படித்தாலும் ஒரு மணி நேரத்தில் 48 ஆக்டின்கள் கிடைத்துவிடும். 48 புரதங்களைத் தனித்தனியாகச் சுமந்து வருவதற்குப் பதில் ஒரு தூது ஆர்என்ஏவைக் கொண்டுவந்து வைத்தால் போதும். சிக்கனம் தெளிவாகவே தெரிகிறது.

ஆனால் சிக்கனத்தை மட்டும் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அருமை பிடிபடாது. கூடுதலாக எவ்வளவு செய்கிறது என்பதைவிட, எந்த இடத்தில், எந்த நொடியில் செய்கிறது என்பதே இங்கே விஷயம். முன்கூட்டியே செய்து அனுப்பிய புரதம் வழியெங்கும் இருக்கும், எப்போதும் இருக்கும். தேவைப்படும் மூலையில் மட்டும், தேவைப்படும்போது மட்டும் ஒரு புரதம் தோன்ற வேண்டுமென்றால், பூட்டி வைத்த குறிப்பை அந்த இடத்தில் திறந்து படிப்பதே வழி.

இன்னொன்றும் உண்டு. சுடச்சுடப் பிறந்த புரதமும் பழைய புரதமும் ஒன்றல்ல. செல்லில் உலவிய பழைய ஆக்டினில் குளூட்டாதயோன் போன்ற சிறு மூலக்கூறுகள் ஒட்டியிருக்கலாம். அப்படிப்பட்ட ஆக்டின் இழையாகக் கோத்துக்கொள்வதில் மந்தமானது. ஏற்கெனவே ஆக்டின் நிறைந்து கிடக்கும் ஓரிடத்தில் புதிதாகக் கொஞ்சம் செய்வதால் என்ன பயன் என்ற கேள்விக்கு முன்வைக்கப்படும் விளக்கங்களில் இது ஒன்று.

முகவரி, மூட்டை, பூட்டு

எல்லாத் தூது ஆர்என்ஏக்களும் ஆக்ஸானுக்குப் போவதில்லை. யார் போக வேண்டும் என்பது அந்த நகலிலேயே எழுதப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் அதன் வால்பகுதியில். புரதத்துக்கான செய்தி முடிந்த பிறகும் தூது ஆர்என்ஏ கொஞ்ச தூரம் நீளும். அந்த வால் புரதமாக மாறுவதில்லை. ஆனால் எங்கே போக வேண்டும், எவ்வளவு காலம் இருக்க வேண்டும், எப்போது படிக்கப்பட வேண்டும் என்ற உத்தரவுகள் அங்கேதான் இருக்கின்றன.

இதற்கு மிக நன்றாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு பீட்டா ஆக்டின். அதன் தூது ஆர்என்ஏவின் வாலில் 54 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது. அஞ்சல் குறியீட்டு எண்ணைப்போல் முகவரி காட்டுவதால் ஜிப்கோடு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் உடன்பிறப்பான காமா ஆக்டினைப் பாருங்கள். இரண்டு புரதங்களுக்கும் இடையே வேறுபாடு வெறும் 4 அமினோ அமிலங்கள். புரதங்களாக அவற்றைப் பிரித்தறிவதே கடினம். ஆனால் காமா ஆக்டினின் வாலில் அந்த ஜிப்கோடு இல்லை. அதனால் பீட்டா ஆக்டினின் நகல் ஆக்ஸானுக்குப் பயணிக்கிறது, காமா ஆக்டினின் நகல் செல் உடலிலேயே தங்கிவிடுகிறது. இந்த இணையை நினைவில் வைத்திருங்கள். பின்னால் ஆய்வகத்துக்குப் போகும்போது மீண்டும் தேவைப்படும்.

முகவரியைப் படிப்பவை ஆர்என்ஏ பிணைப்புப் புரதங்கள். பீட்டா ஆக்டினின் ஜிப்கோடைப் பிடிப்பது இசட்பிபி1 என்ற புரதம். அது பிடித்ததும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, தூது ஆர்என்ஏ மற்ற புரதங்களோடு சேர்த்து ஒரு மணியாக மூட்டை கட்டப்படுகிறது. இரண்டு, வழியில் எந்த ரைபோசோமும் அதைப் படித்துவிடாதபடி பூட்டப்படுகிறது. பூட்டு இல்லாமல் முகவரி மட்டும் இருந்து பயனில்லை. வழிநெடுக ஆக்டின் பிறந்துகொண்டே போனால் நுனிக்கு என்று தனிச் சிறப்பு என்ன இருக்கும்?

மூட்டையைச் சுமப்பவை கைனசின் என்ற இயங்கு புரதங்கள். ஆக்ஸான் நெடுகத் தண்டவாளம்போல் கிடக்கும் நுண்குழல்களின்மேல் அவை அடியெடுத்து வைத்து நடக்கின்றன. எதிர்த்திசையில், அதாவது செல் உடலை நோக்கிச் செல்வது டைனின். மணிகள் தொடர்ச்சியாக ஓடுவதில்லை. ஓடும், நிற்கும், சில சமயம் பின்னோக்கியும் வரும். ஓடும்போது விநாடிக்கு 1 மைக்ரோமீட்டர் அளவில் வேகம் இருக்கும். நிற்காமல் போனால் நாளுக்கு 86 மில்லிமீட்டர். சில மணிகள் சொந்தமாக மோட்டார் பிடிக்காமல், போகிற வழியில் லைசோசோம்களின், அதாவது செல்லின் கழிவைச் செரிக்கும் சவ்வுப் பைகளின், முதுகில் தொற்றிக்கொண்டு செல்கின்றன. அனெக்சின் ஏ11 என்ற புரதம் ஒரு கையால் ஆர்என்ஏ மணியையும் மறுகையால் லைசோசோமையும் பிடித்துக்கொள்கிறது என்று 2019இல் தெரியவந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் மேல் ஏறிச் செல்லும் நகல்களும் உண்டு. பிங்க்1 என்ற புரதத்தின் நகல் அப்படித்தான் பயணிக்கிறது.

பூட்டு திறக்கும் இடம்

வளரும் ஆக்ஸானின் நுனியில் கைவிரல்களை விரித்ததுபோல் ஒரு பகுதி இருக்கும். ரமோன் இ கஹால் 1890இல் அதற்கு வளர்கூம்பு என்று பெயரிட்டார். கருவில் மூளை உருவாகும்போது வளர்கூம்புதான் வழி தேடிச் செல்கிறது. சுற்றியுள்ள திசுக்கள் ஈர்க்கும் மூலக்கூறுகளையும் விலக்கும் மூலக்கூறுகளையும் சுரந்து அதற்கு வழி காட்டுகின்றன. நெட்ரின் 1 ஈர்க்கும் வகை. செமாஃபோரின் 3ஏ விலக்கும் வகை. ஒரே மூலக்கூறு சில ஆக்ஸான்களை ஈர்த்துச் சிலவற்றை விலக்குவதும் உண்டு.

வலப்பக்கம் நெட்ரின் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளர்கூம்பின் வலப்பக்கச் சவ்வில் உள்ள டிசிசி என்ற ஏற்பிகளில் நெட்ரின் வந்து ஒட்டுகிறது. 2010இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு இந்தக் காட்சியை மிகவும் கிட்டத்தில் காட்டியது. டிசிசியின் உள்முனையில் ரைபோசோமின் பாகங்களே பிடிபட்டுக் கிடக்கின்றன. வெளியே நெட்ரின் ஒட்டியதும் அவை விடுபட்டு வேலைக்கு வருகின்றன. இயந்திரம் சுவிட்சின் அடியிலேயே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அதே சமயம் இன்னும் இரண்டு பூட்டுகள் திறக்கின்றன. எஸ்ஆர்சி என்ற நொதி, இசட்பிபி1 புரதத்தின் 396ஆவது இடத்திலுள்ள டைரோசினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதனால் இசட்பிபி1இன் பிடி தளர்ந்து தூது ஆர்என்ஏ வெளியே வருகிறது. இது அந்த ஒரு நகலுக்கான தனிப்பூட்டு. மற்றது பொதுப்பூட்டு. தூது ஆர்என்ஏவின் தலையில் ஒரு தொப்பி உண்டு. ஐஎஃப்4இ என்ற புரதம் அந்தத் தொப்பியைப் பிடித்தால்தான் ரைபோசோமின் சிறிய அலகு வந்து ஏறும். ஓய்வு நேரத்தில் ஐஎஃப்4இயை வேறொரு புரதம் கட்டிப்போட்டு வைத்திருக்கும். சமிக்ஞை வந்ததும் எம்டோர் என்ற நொதி விழித்து, அந்தக் காவல் புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஒட்டி விலக்கிவிடுகிறது.

விளைவு, நெட்ரின் இருக்கும் பக்கத்தில் மட்டும் பீட்டா ஆக்டின் புதிதாகப் பிறக்கிறது. நெட்ரின் பட்ட சில நிமிடங்களுக்குள் இந்தச் சாய்வைப் படம்பிடிக்க முடிகிறது. வலப்பக்கம் ஆக்டின் இழைகள் நீள, வளர்கூம்பு வலப்பக்கம் திரும்புகிறது. விலக்கும் சமிக்ஞை வந்தால் வேறு நகல்கள் படிக்கப்படுகின்றன. செமாஃபோரின் 3ஏ பட்டால், சட்டகத்தைச் சுருங்கவைக்கும் ஆர்ஹோஏ என்ற புரதம் பிறக்கிறது. ஸ்லிட் 2 பட்டால் ஆக்டின் இழைகளை வெட்டும் கோஃபிலின் பிறக்கிறது. அந்தப் பக்கம் சட்டகம் குலைந்து, கூம்பு எதிர்ப்பக்கம் விலகுகிறது.

இது செல் உடலின் வேலை அல்ல என்று எப்படித் தெரியும்? 2001இல் டக்ளஸ் காம்ப்பெல்லும் கிறிஸ்டீன் ஹோல்ட்டும் செய்த சோதனை நேரடியானது. ஜெனோபஸ் தவளையின் விழித்திரை ஆக்ஸான்களைச் செல் உடலிலிருந்து வெட்டிப் பிரித்தார்கள். துண்டான வளர்கூம்பும் நெட்ரின் வந்த பக்கம் திரும்பியது. புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்ததும் திரும்புவது நின்றது. உட்கருவிலிருந்து எந்த உதவியும் வர வழியில்லாத ஒரு துண்டு, தன்னிடம் இருந்த குறிப்புகளையும் இயந்திரங்களையும் வைத்தே முடிவெடுத்துத் திரும்பியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எல்லாத் திருப்பங்களுக்கும் புதுப் புரதம் தேவைப்படுவதில்லை. செமாஃபோரின் குறைந்த அளவில் இருந்தால் வளர்கூம்பு சுருங்குவதற்குப் புரத உற்பத்தி தேவைப்படுகிறது. அளவு மிகவும் கூடினால் வேறு பாதைகள் இயங்கி, உற்பத்தி இல்லாமலே சுருங்கிவிடுகிறது. சோதனை முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றிய இடங்களில் இந்த அளவு வித்தியாசமே பல சமயம் காரணம்.

ரைபோசோமே இல்லை என்றார்களே?

பாடப்புத்தகங்களில் இந்தக் கருத்து ஏறுவதற்கு ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? 1960களிலேயே எட்வர்ட் கோனிக், ஆக்ஸான்களில் அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அழிக்கப்பட்டபின் மீண்டும் தோன்றும் விதத்தைப் பார்த்து, அது அங்கேயே தயாராகியிருக்க வேண்டும் என்றார். அதே பத்தாண்டில் ஸ்க்விட் என்னும் கணவாயின் மிகத் தடித்த ஆக்ஸானிலும் புரத உற்பத்தி அளக்கப்பட்டது. ஆனாலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் முதிர்ந்த முதுகெலும்பி ஆக்ஸானைப் பார்த்தவர்களுக்கு ரைபோசோம் கண்ணில் படவில்லை. டென்ட்ரைட் எனப்படும் கிளைகளின் கதை வேறு. 1982இல் ஆஸ்வால்ட் ஸ்டீவர்டும் வில்லியம் லெவியும் டென்ட்ரைட் முட்களின் அடியில் ரைபோசோம் கொத்துகளைப் படமாகவே காட்டிவிட்டார்கள். அதனால் டென்ட்ரைட்டில் உண்டு, ஆக்ஸானில் இல்லை என்ற எண்ணம் வேரூன்றியது.

கண்ணில் படாததற்குக் காரணங்கள் பின்னால் ஒவ்வொன்றாக வெளிவந்தன. நுண்ணோக்கியில் எளிதில் அடையாளம் காணக்கூடியது கொத்தாக இருக்கும் ரைபோசோம்கள்தான். ஒரு தூது ஆர்என்ஏவில் ஒரே ரைபோசோம் தனியாக உட்கார்ந்திருந்தால் அது ஒரு மங்கலான புள்ளி. நரம்பு இழைகளில் அப்படித் தனித்திருக்கும் ரைபோசோம்கள் கணிசமான உற்பத்தியைச் செய்கின்றன என்று 2020இல் காட்டப்பட்டது. இன்னொரு காரணம், மயலின் உறை போர்த்திய பெரிய ஆக்ஸான்களில் ரைபோசோம்கள் பரவலாக இல்லாமல், சவ்வை ஒட்டிய சிறு திட்டுகளாக ஒதுங்கிக் கிடப்பது. நடுப்பகுதியை மட்டும் பார்த்தால் அவை தட்டுப்படாது. ஆக்ஸானைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் தங்கள் ரைபோசோம்களை ஆக்ஸானுக்குள் கைமாற்றுவதையும் 2008இல் எலிகளில் கண்டார்கள். காயம்பட்ட ஆக்ஸானில் இந்தக் கைமாற்றம் பெருகுகிறது.

ஐயத்தைப் பெருமளவு தீர்த்தவை அண்மைய இரண்டு ஆய்வுகள். 2016இல் ஹோல்ட் குழு, சுண்டெலியின் விழித்திரை நரம்புச் செல்களில் மட்டும் ரைபோசோமுக்கு ஓர் அடையாளம் ஒட்டி, மூளையில் உள்ள அவற்றின் ஆக்ஸான் முனைகளிலிருந்து அந்த ரைபோசோம்களைப் பிடித்து எடுத்தது. அவற்றில் 2000க்கும் மேற்பட்ட வகைத் தூது ஆர்என்ஏக்கள் இருந்தன. வளர்ந்த சுண்டெலியிலும் இருந்தன. 2019இல் எரின் ஷூமன் குழு, வளர்ந்த எலி மூளையில் நரம்புச் செல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களான சினாப்ஸ்களைப் பெரிதாக்கிப் பார்த்து, ஆக்ஸான் முனைகளில் 75 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் ரைபோசோமும் தூது ஆர்என்ஏவும் இருப்பதைக் காட்டியது. வளரும் பருவத்தில் மட்டும் தேவைப்பட்டுப் பின் கைவிடப்படும் ஏற்பாடு அல்ல இது.

நரம்பு அறுபட்டால்

விரலருகே நரம்பு அறுபடுகிறது. செல் உடல் ஏறத்தாழ 1 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்குச் செய்தி போக வேண்டும். அறுபட்ட இடத்தில் கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்தக் கால்சியம் அங்கே பூட்டி வைக்கப்பட்டிருந்த நகல்களைத் திறக்கிறது. அவற்றுள் ஒன்று இம்போர்ட்டின் பீட்டா 1. பொதுவாக உட்கருவின் வாயிலில் நின்று புரதங்களை உள்ளே அழைத்துச் செல்லும் புரதம் இது. உட்கருவே இல்லாத ஆக்ஸானில் இதற்கு என்ன வேலை என்று தோன்றும். ஆக்ஸானில் புதிதாகப் பிறந்த இம்போர்ட்டின் பீட்டா 1, அங்கே காத்திருக்கும் இம்போர்ட்டின் ஆல்ஃபாவோடு சேர்கிறது. இருவரும் டைனினைப் பிடித்துக்கொண்டு, ஸ்டாட்3 போன்ற செய்திப் புரதங்களைச் சுமந்து உட்கருவுக்கே போய்ச் சேர்கிறார்கள். அங்கே மீள்வளர்ச்சிக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. எம்டோர் நொதியின் நகலே ஆக்ஸானில் இருப்பதும், காயத்தின்போது அது அங்கேயே உற்பத்தியாவதும் 2018இல் தெரிந்தது. பூட்டைத் திறப்பவரே அங்கே பிறக்கிறார்.

இதைச் சோதித்த விதம் கவனிக்கத்தக்கது. மரபணுவை முழுக்க நீக்கினால் செல் செத்துவிடும், எதையும் நிறுவ முடியாது. ஆகவே 2012இல் மைக் ஃபைன்சில்பர் குழு, சுண்டெலியின் இம்போர்ட்டின் பீட்டா 1 மரபணுவில் வால்பகுதியின் முகவரித் துண்டை மட்டும் நீக்கியது. செல் உடலில் புரதம் இருந்தது. ஆக்ஸானுக்கு மட்டும் நகல் போகவில்லை. அந்தச் சுண்டெலிகளில் நரம்பு காயத்துக்குப் பிறகு செல் உடலின் எதிர்வினை மந்தமாகி, நடை தேறுவதும் தாமதமானது. புரதம் அதே புரதம்தான். அது பிறந்த இடம் மட்டும் மாறியது.

அன்றாடப் பராமரிப்புக்கும் இதே ஏற்பாடு வேண்டும். லாமின் பி2 உட்கருவின் உட்சுவரில் இருக்கும் புரதம் என்றே அறியப்பட்டது. ஆனால் தவளையின் விழித்திரை ஆக்ஸான்களில் அது அங்கேயே தயாராகி மைட்டோகாண்ட்ரியாவில் போய்ச் சேர்கிறது. ஆக்ஸானில் அது இல்லாமல் போனால் மைட்டோகாண்ட்ரியா பழுதாகி, ஆக்ஸான் நைந்துபோகிறது. இந்த உற்பத்தி பல சமயம் எண்டோசோம்கள் எனப்படும் சரக்குச் சவ்வுப் பைகளின் மேல், மைட்டோகாண்ட்ரியாவுக்கு அருகிலேயே நடக்கிறது. ராப்7 என்ற எண்டோசோம் புரதத்தில் ஏற்படும் பிறழ்வுகள் சார்க்கோ மாரி டூத் 2பி என்ற புற நரம்பு நோயைத் தருகின்றன. அந்தப் பிறழ்வுகள் எண்டோசோம் மேல் நடக்கும் உற்பத்தியைக் கெடுப்பதும் காணப்பட்டிருக்கிறது. லைசோசோமில் தொற்றிச் செல்ல உதவும் அனெக்சின் ஏ11இன் பிறழ்வுகள் ஏஎல்எஸ் என்ற இயக்க நரம்பு நோயோடு தொடர்புடையவை. தண்டுவடத் தசைச் சிதைவு நோயின் சோதனை மாதிரிகளில் ஆக்ஸான் நுனிக்குப் போகும் பீட்டா ஆக்டின் நகல் குறைகிறது. இந்த நோய்களுக்கு உள்ளிட உற்பத்தி ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நீளமான ஆக்ஸான் உள்ள செல்களே முதலில் அடிபடுவது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள இது ஒரு வழி.

ஆய்வகத்தில் பார்ப்பது எப்படி

ஆக்ஸானில் ஒரு புரதம் இருப்பதால் மட்டும் அது அங்கே பிறந்தது என்று ஆகாது. வந்ததா, பிறந்ததா என்பதைப் பிரித்தறிவதே முழுச் சிக்கலும். அதற்கு முதலில் ஆக்ஸானைச் செல் உடலிலிருந்து தனிமைப்படுத்த வேண்டும்.

இன்று பரவலாகப் பயன்படுவது சிலிகோன் ரப்பரால் ஆன நுண்ணறைத் தகடு. இரண்டு அறைகள், நடுவே நூற்றுக்கணக்கான நுண்கால்வாய்கள். ஒவ்வொன்றும் 10 மைக்ரோமீட்டர் அகலம், 3 மைக்ரோமீட்டர் உயரம், 450 மைக்ரோமீட்டர் நீளம். உயரம் 3 மைக்ரோமீட்டர்தான் என்பதால் செல் உடல் நுழையாது. நீளம் 450 மைக்ரோமீட்டர் என்பதால் முதல் இரு வாரங்களில் டென்ட்ரைட்டுகள் மறுபக்கம் எட்டாது. ஆக்ஸான் மட்டும் போய்ச் சேரும். எலிக்கருவின் மூளைச் செல்களை ஓர் அறையில் இட்டால் சில நாள்களில் ஆக்ஸான்கள் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். ஆக்ஸான் அறையில் மட்டும் மருந்து போட வேண்டுமென்றால், செல் உடல் அறையில் செல்கள் வளரும் திரவமான ஊடகத்தைச் சுமார் 50 மைக்ரோலிட்டர் கூடுதலாக வைக்க வேண்டும். அந்த மட்ட வித்தியாசத்தால் திரவம் ஆக்ஸான் பக்கமாகக் கசியுமே தவிர, மருந்து பின்னோக்கிப் போகாது. ஆவியாதலால் மட்டம் சமமாகிவிட்டால் தனிமை போய்விடும். ஒவ்வொரு முறையும் மட்டத்தைப் பார்த்த பிறகே மருந்தைத் தொட வேண்டும். கால்வாய்களில் காற்றுக்குமிழி சிக்கினாலும், செல்கள் ஒட்டுவதற்காகக் கண்ணாடியில் பூசிய பாலிலைசின் சரியாகக் கழுவப்படாவிட்டாலும் ஆக்ஸான்கள் மறுபக்கம் வராது. தகட்டைக் குறைசொல்வதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

அடுத்து, ஆக்ஸான் அறையிலிருந்து எடுத்த ஆர்என்ஏ உண்மையிலேயே ஆக்ஸானுடையதுதானா என்ற சோதனை. இங்கேதான் அந்த ஆக்டின் இணை கைகொடுக்கிறது. பீட்டா ஆக்டின் தெரிய வேண்டும், காமா ஆக்டின் தெரியக் கூடாது. டென்ட்ரைட்டில் மட்டும் இருக்கும் மேப்2, துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளின் ஜிஎஃப்ஏபி ஆகியவையும் தெரியக் கூடாது. ஆக்ஸானின் ஆர்என்ஏ மிகமிகக் குறைவு. ஒரே ஒரு துணைச் செல் கால்வாய்க்கு அந்தப்பக்கம் குடியேறியிருந்தாலும் அதன் ஆர்என்ஏ மொத்தக் கணக்கையும் மூழ்கடித்துவிடும். இந்தத் துறையில் தவறான முடிவுகளுக்குப் பொதுவான காரணங்களில் இது ஒன்று.

பிறப்பைக் கையும் களவுமாகப் பிடிக்கப் புரோமைசின் உதவுகிறது. அமினோ அமிலம் சுமந்துவரும் கடத்து ஆர்என்ஏவின் நுனியைப்போலவே இதன் வடிவம். ஏமாந்த ரைபோசோம் இதைச் சங்கிலியில் கோத்துவிடும், அத்தோடு சங்கிலி அறுந்து வெளியே விழும். அறுந்த துண்டின் வாலில் புரோமைசின் இருக்கும், அதை எதிர்பொருளால் கண்டுபிடிக்கலாம். சில மைக்ரோமோலார் அளவு, 5 முதல் 10 நிமிடம் போதும். அளவும் நேரமும் கூடினால் உற்பத்தியே நின்று, சமிக்ஞைக்குப் பதில் நச்சின் விளைவை அளப்பதாகிவிடும். இரண்டு ஒப்பீடுகள் கட்டாயம்: புரோமைசினே போடாத ஒரு மாதிரி, முன்கூட்டியே அனிசோமைசினால் உற்பத்தியைத் தடுத்துவிட்டுப் புரோமைசின் போட்ட ஒரு மாதிரி. இரண்டிலும் ஒளி தெரிந்தால் எதிர்பொருள் வேறெதையோ பிடிக்கிறது என்று பொருள்.

புரோமைசினிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அறுந்த துண்டு ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு நிற்காது. உடனே மிதந்து விலகும். எமெட்டின் என்ற மருந்து துண்டை ரைபோசோமிலேயே நிறுத்திவைக்கும் என்று பலகாலம் நம்பினார்கள். அப்படி நிறுத்தாது என்று 2020இல் தெளிவானது. ஆகவே ஒளிப்புள்ளி தெரியும் இடமே உற்பத்தி நடந்த இடம் என்று மைக்ரோமீட்டர் துல்லியத்தில் சொல்ல முடியாது. ஆக்ஸான் அறை தனியாக இருந்தால் “ஆக்ஸானில் நடந்தது” என்று தைரியமாகச் சொல்லலாம், “வளர்கூம்பின் இந்த மூலையில் நடந்தது” என்று சொல்லக் கூடாது.

மூலையளவு துல்லியம் வேண்டுமென்றால் வேறு வழி. நிறம் மாறும் ஒளிர்புரதம் ஒன்றை, ஆராயும் தூது ஆர்என்ஏவின் வாலோடு இணைத்துச் செல்லுக்குள் அனுப்புவார்கள். முதலில் இருப்பதெல்லாம் பச்சை. ஊதா ஒளி பாய்ச்சினால் பழையவை எல்லாம் சிவப்பாகும். அதன்பின் தோன்றும் ஒவ்வொரு பச்சைப் புள்ளியும் புதிதாகப் பிறந்தது. அந்த ஒளிர்புரதத்தில் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு கொழுப்புக் கொக்கியைச் சேர்த்துவிட்டால் அது பிறந்த இடத்தைவிட்டு எளிதில் நகராது. செல் உடலிலிருந்து பச்சை மிதந்து வந்துவிடாமலிருக்க, ஒளி பாய்ச்சுவதற்கு முன்பே ஆக்ஸானை வெட்டிவிடுவது வழக்கம். வெட்டிய ஆக்ஸானுக்கு ஆயுள் குறைவு என்பதால் படமெடுப்பதை முதல் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் தெரியும் மாற்றங்களில் எது சமிக்ஞையால் வந்தது, எது ஆக்ஸான் சிதையத் தொடங்கியதால் வந்தது என்று பிரிக்க இயலாது.